திரையில் வந்த பொருளை டெல்டா வீட்டில் வைத்துக் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படப்பிடிப்பில் உண்மையாகவே பயன்பட்ட ஒரு கத்தியோ கிரீடமோ முகமூடியோ பழைய டெலிபோனோ உங்கள் கைக்கு வந்திருக்கிறது. சினிமாக்காரர்கள் பேச்சில் அது ‘பிராப்பர்ட்டி’. அதைத் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து வீடுகளில் எப்படி வைப்பது என்பதுதான் இங்கே பேச்சு. இதுபற்றிக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்து எழுதியவை. அங்கே ஹீட்டர் போட்டுக் காற்று வறண்டுபோவது கவலை. நமக்கு ஐப்பசி அடைமழைதான் கவலை.

என்னிடம் இருப்பது படத்தில் வந்ததுதான் என்று எப்படி உறுதி செய்வது?

ஒரு காட்சிக்கு ஒரே பொருளில் பல பிரதிகள் செய்வார்கள். குளோஸப்புக்கு நேர்த்தியாக ஒன்று, சண்டைக்கு ரப்பரிலோ ஃபைபரிலோ இரண்டு மூன்று, தூரத்தில் தெரிவதற்கு ஒப்பேற்றியது ஒன்று. எல்லாமே அந்தப் படத்துக்காகச் செய்தவைதான். ஆனால் கேமரா முன்னால் வந்தது எது என்பது தனிக் கேள்வி. நம் சினிமாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. சென்னை வடபழனிப் பக்கத்து வாடகைக் கடைகளிலிருந்து வரும் நாற்காலி, கிராமபோன், இரும்புப் பெட்டி எல்லாம் பல படங்களில் தலைகாட்டியிருக்கும். அப்படிப்பட்ட பொருளுக்கு ஒரே படத்தின் பெயரைச் சூட்டி விற்றால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

நம்பத் தகுந்த சான்று பொருளின் மேலேயே இருக்கிறது. மரத்தின் ரேகை, பெயின்ட் வழிந்த இடம், விளிம்பில் தெறித்த சில்லு, கோணலாக அடித்த ஆணி ஆகியவற்றைப் படத்தின் தெளிவான பிரதியில் காட்சியை நிறுத்தி ஒப்பிட்டுப் பாருங்கள். கையால் செய்த பொருளில் இப்படி இரண்டு மூன்று அடையாளம் பொருந்திவிட்டால் பெரும்பாலும் போதும். தொழிற்சாலையில் வார்த்த பொருளில் இது நடக்காது. அங்கே காகிதச் சான்றுதான்.

உலகத்திலேயே பேர்போன உதாரணம், 1939-இல் வந்த ‘விசர்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் ஜூடி கார்லண்ட் போட்ட சிவப்புச் செருப்பு. குறைந்தது நான்கு ஜோடி மிஞ்சியிருக்கின்றன. அதில் ஒரு ஜோடி 2005-இல் அமெரிக்காவில் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோய், 2018-இல் மீட்கப்பட்டது. அமெரிக்க அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியன் தன்னிடமிருந்த ஜோடியோடு அதை ஒப்பிட்டபோது, ஒரு ஜோடியின் வலது செருப்பு மற்ற ஜோடியின் இடது செருப்போடு மாறிச் சேர்ந்திருந்தது தெரியவந்தது. அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தால்தான் சில உண்மைகள் வெளியே வரும்.

டெல்டாவில் பலருக்குப் பொருள் வருவது வேறு வழியில்: அக்கிரஹாரத்து வீட்டையோ தோப்பையோ ஷூட்டிங்குக்கு விட்டபோது, கலை இயக்குநரின் ஆட்கள் விட்டுப்போனது. அப்படியென்றால் எந்த ஆண்டு, எந்தக் காட்சி, யார் கொடுத்தார்கள் என்பதை அன்று உடனிருந்த பெரியவர்களைக் கேட்டு எழுதி, கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். அன்று செல்போனில் எடுத்த படம் இருந்தால் வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த பிரதி வேண்டாம்; மூலக் கோப்பையே வைத்திருங்கள்.

கைக்கு வந்ததும் முதல் வேலை என்ன?

படம் எடுப்பது. ஆறு பக்கமும், பழுது உள்ள இடம் நெருக்கமாகவும், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. அப்புறம் உள்ளே பேட்டரி இருந்தால் கழற்றிவிடுங்கள். டார்ச்சு, கடிகாரம், பொம்மைத் துப்பாக்கி எதுவானாலும். மரம், துணி, தோல், காகிதக் கூழ் என்றால் வீட்டிலுள்ள மற்ற பொருட்களோடு சேர்க்காமல் இரண்டு மூன்று வாரம் தனி அறையில், அடியில் வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். துணியில் மாவு மாதிரி தூள் விழுந்தால் உள்ளே பூச்சி வேலை செய்கிறது.

அழுக்காக இருக்கிறது. துடைத்துப் பளபளப்பாக்கலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. அதிகம் பொருள் வீணாவதும் இதில்தான். பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பது, வெள்ளியைத் திருநீறு போட்டுத் துலக்குவது, மரச்சாமானுக்கு எண்ணெய் பூசுவது எல்லாம் நம் வீடுகளில் கைப்பழக்கம். புழங்கும் பாத்திரத்துக்கு அது சரி. படத்தில் வந்த பொருளுக்கு அது அழிவு. கத்தியின் பிடியில் ஒட்டியிருக்கும் மேக்கப், ரத்தத்துக்காகப் பூசிய சிவப்புச் சாயம், கன்டின்யூட்டிக்காக (காட்சிக்குக் காட்சி மாறாமல் இருக்க) சாக்கட்டியில் போட்ட எண், கேமராவில் பளிச்சிடாமல் இருக்க அடித்த மங்கல் பூச்சு ஆகியவையெல்லாம் அந்தப் பொருளின் சரித்திரம். அவற்றைக் கழுவிவிட்டால் உங்களிடம் மிஞ்சுவது கடையில் கிடைக்கும் கத்தி.

சினிமாத் துறை ‘அழுக்காக்குவதற்கே’ ஆள் வைத்து வேலை செய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். துருப்பிடித்த மாதிரித் தெரிவது பல நேரம் பெயின்ட். ஃபைபர் கவசத்தின் மேல் இருக்கும் சேறு, கலை இயக்குநர் கை வண்ணமாக இருக்கலாம்.

எது பிற்பாடு சேர்ந்த தூசி, எது படத்துக்காகப் பூசியது என்று பிரிக்கத் தெரிந்தால் தூசியை மட்டும் எடுக்கலாம். மென்மையான ஓவியத் தூரிகையால் தூசியைத் தட்டி, வாக்குவம் கிளீனரின் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டி, பொருளைத் தொடாமல் இழுத்துவிடுங்கள். தண்ணீர், கொலின், ஸ்பிரிட், தின்னர் எதுவும் வேண்டாம். மேலே சொன்ன சிவப்புச் செருப்பின் ஜிகினாக்களுக்கு உள்ளே இருப்பது ஜெலட்டின்; அது தண்ணீர் பட்டால் இளகும். நம் பழைய நாடக உடுப்புகளிலும் ஜிகினா எதில் செய்தது என்று பார்த்ததும் சொல்லிவிட முடியாது. ஸ்மித்சோனியன் தன்னிடமிருந்த ஜோடியைப் பராமரிக்க 2016-இல் பொதுமக்களிடம் 3 லட்சம் டாலருக்கு மேல் நன்கொடை திரட்டியது. வேலை முடிந்தபோதும் அது புதுச் செருப்பாகவில்லை. கெடுவது மெதுவானது, அவ்வளவுதான். நாமும் அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

வீட்டில் எந்த இடம் நல்லது?

வீட்டின் நடுவில் இருக்கும், வெளிச்சுவர் இல்லாத அறை. கூடத்தின் உள்சுவர் பெரும்பாலும் பொருந்தும். மேற்குச் சுவர் வேண்டாம். பகலெல்லாம் வாங்கிய வெயிலை ராத்திரி முழுக்க உள்ளே விடும். முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம் பார்க்க அழகு, சாரல் அடிக்கும். பூஜை அறை பக்கத்தில் விளக்குப் புகையும் சாம்பிராணியும் மெல்லிய கரியாகப் படியும். சமையலறைச் சுவருக்குப் பின்புறம் தாளிப்பு எண்ணெய் ஆவி. பரண் கோடையில் அடுப்பு. பழைய ஓட்டு வீட்டில் தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு ஓதம் ஏறியிருக்கும். அதற்கு மேலேதான் வைக்க வேண்டும். எங்கே வைத்தாலும் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை இடைவெளி விடுங்கள், காற்றும் போகும், கரையான் ஏறினால் கண்ணுக்கும் தெரியும்.

ஈரப்பதம் எவ்வளவு இருக்க வேண்டும்? எப்படி அளப்பது?

அருங்காட்சியகங்கள் 50 சதவீதத்தைச் சுற்றி வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வெளிக்காற்று 80-ஐத் தாண்டும் ஊரில் அந்த எண்ணைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. பெட்டிக்குள் 55 முதல் 60 வரை ஆடாமல் நின்றால் போதும். 65-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறக்கிறது. 75-க்கு மேல் போகப் போக அது இன்னும் சீக்கிரம் வளரும். ஈரம் ஏறுவதைவிட ஏறி இறங்குவதுதான் மரத்தையும் பெயின்டையும் அதிகம் வாட்டும். மரம் ஊதும், சுருங்கும். மேலே இருக்கும் பூச்சு அதோடு போகாமல் செதிலாக எழும்பும்.

ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். விலை குறைந்த மீட்டர்கள் ஐந்து, பத்து பாயின்ட் தப்பாகக் காட்டும். சரிபார்க்கச் சமையல் உப்பு போதும். ஒரு மூடியில் உப்பைக் கொட்டி, கரைந்துபோகாமல் சேறு பதத்துக்கு நனையும் அளவு தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஜிப் கவரில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி ஒரு ராத்திரி விடுங்கள். சாதாரண அறை வெப்பத்தில் அந்தக் கவருக்குள் 75 சதவீதம் நிற்கும். மீட்டர் 70 காட்டினால், இனி அது காட்டும் எண்ணோடு ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல். ஈரமானதும் ஆரஞ்சிலிருந்து பச்சையாக மாறும் வகை நல்லது. நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். கன மீட்டருக்கு 20 கிலோ என்பது அருங்காட்சியகக் கணக்கு. நம் அளவுக்குச் சொன்னால் ஒரு கன அடிக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல். நன்றாக மூடும் பெட்டிக்குத்தான் இந்தக் கணக்கு. இடுக்கு உள்ள ஷோகேஸில் எவ்வளவு போட்டாலும் ஊருக்கே ஈரம் உறிஞ்சும் வேலைதான். நிறம் மாறியதும் 120 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் ஓவனில் உலர்த்தி மறுபடி போடலாம். வெயில் காலத்தில் மீட்டர் 45-க்குக் கீழே போனால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். அளவுக்கு மீறி உலர்ந்தால் மரம் வெடிக்கும்.

ஏசி, டிஹியூமிடிஃபையர் போட்டால் முடிந்ததா?

ராத்திரி மட்டும் ஏசி ஓடி, காலையில் அணைத்து ஜன்னலைத் திறக்கும் அறை, ஏசியே இல்லாத அறையைவிட மோசம். குளிர்ந்த உலோகத்தின் மேல் வெளிக்காற்றின் ஈரம் வியர்த்து நிற்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெஷினான டிஹியூமிடிஃபையர் நன்றாக வேலை செய்யும், கரண்ட் இருக்கும்வரை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்த பிறகு, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நமக்கு மிக மோசமான ஈரம் வரும் நாளும் கரண்ட் போகும் நாளும் ஒன்றுதான். அதனால் இறுக்கமாக மூடும் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும்தான் அடிப்படை. மெஷின் இருந்தால் கூடுதல் வசதி.

ஆசாரியிடம் கண்ணாடிப் பெட்டி செய்யச் சொன்னால் என்னென்ன சொல்ல வேண்டும்?

முதலில், பெட்டிக்குள்ளே பிளைவுட், எம்.டி.எஃப் (மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை) தெரியக் கூடாது. அவற்றின் பசையிலிருந்து வரும் ஆவி மூடிய பெட்டிக்குள் தேங்கி உலோகத்தைக் கறுக்கடிக்கும், ஈயத்தையும் காகிதத்தையும் அரிக்கும். பழைய தேக்கு வீட்டில் கிடந்தால் அது தேவலை. ஆனாலும் உள்பக்கம் அலுமினியத் தகடு போர்த்துவது பாதுகாப்பு. பவுடர் கோட்டிங் செய்த அலுமினியச் சட்டம் இன்னும் நல்லது. புதிதாக வார்னிஷ் அடித்த பெட்டியைக் கதவு திறந்து ஒரு மாதமாவது ஆறவிட வேண்டும்.

கண்ணாடிக்கு ‘லேமினேட்டட்’ என்று கேளுங்கள், கார் முன்கண்ணாடி மாதிரி நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்தது. புற ஊதாக் கதிரை ஏறக்குறைய முழுக்கத் தடுக்கும், உடைந்தாலும் சில்லாகக் கொட்டாது. அக்ரிலிக் எடை குறைவு. ஆனால் துடைத்தால் மின்னேற்றம் உண்டாகி, செதில் எழும்பிய பெயின்டையும் இறகையும் நெட்டி வேலையையும் இழுத்துப் பிடுங்கும். கதவு ஓரத்துக்கு ரப்பர் பீடிங் போடாமல் சிலிகான் பீடிங் போடச் சொல்லுங்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். அடியில் வெல்வெட்டுக்குப் பதிலாகப் பல தடவை துவைத்த காடாத் துணி. சாயம் போகாது, விலையும் கம்மி.

உள்ளே விளக்குப் போடலாமா?

எல்.இ.டி மட்டும், அதுவும் பெட்டிக்கு வெளியே மேல்பக்கம். துணி, காகிதம், சாயம் உள்ளவற்றுக்கு 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது அருங்காட்சியக அளவு. கண் பழகினால் அதிலேயே நன்றாகத் தெரியும். ஒளி செய்யும் கெடுதல் ஒவ்வொரு மணி நேரமும் சேர்ந்துகொண்டே போகும், திரும்பி வராது. ஆள் வரும்போது போட்டு, போனதும் அணையுங்கள். மழைக்காலச் சாயந்திரத்தில் எரியவிட்டால் ஈசல் வரும், அதைத் தின்னப் பல்லி வரும், பல்லி எச்சம் கண்ணாடி இடுக்கு வழியாக எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எது எவ்வளவு காலம் தாங்கும்?

உலோகமும் கட்டி மரமும் நம்மைவிட நீடிக்கும். சிக்கல் நவீனப் பொருட்களில்.

முகமூடி, செயற்கைக் காயம், அரக்கன் உடம்பு போன்றவை ரப்பர் நுரையில் செய்தவை. இயற்கை லேட்டெக்ஸ் ஒளியிலும் காற்றிலும் இறுகி வெடிக்கும். பித்தளை, செம்பு பட்டால் இன்னும் சீக்கிரம். பாலியூரித்தேன் நுரை, அதாவது மெத்தை ஸ்பாஞ்சு, ஈரத்தில் உள்ளுக்குள்ளேயே சிதைந்து ஒருநாள் தொட்டால் உதிரும். இருபது முப்பது ஆண்டில் அது நடப்பது சகஜம். இதை நிறுத்த முடியாது. இருட்டில், குளிர்ந்த இடத்தில் வைத்துத் தள்ளிப்போடலாம். முகமூடியைச் சும்மா ஆணியில் மாட்டாமல், உள்ளே முகத்தின் வடிவத்துக்கு பார்சலில் சுற்றி வரும் வெள்ளை ஈ.பி.ஈ. நுரைத் தாளை அடுக்கித் தாங்கல் கொடுங்கள். செய்தித்தாளைத் திணிக்காதீர்கள், அமிலம். நல்ல நிலையில் இருக்கும்போதே எல்லாக் கோணத்திலும் படம் எடுத்துவிடுங்கள். பிற்பாடு அதுவே மிஞ்சலாம்.

கிரீடம், மார்க்கவசத்தில் இருக்கும் ‘தங்கம்’ பெரும்பாலும் பித்தளைத் தூள் கலந்த பெயின்ட். ஈரத்தில் கறுத்துப் பச்சை பூக்கும். கல்லின் அடியில் உள்ள பளபளப்புத் தாளும் அப்படியே மங்கும். அதன்மேல் புதுப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ரெக்சின், பிவிசி பெல்ட் வகை சில வருடத்தில் பிசுபிசுக்கும். பாலிதீன் கவரில் சுற்றினால் அதோடு ஒட்டிக்கொள்ளும். தெர்மோகோல் ஒளி படாவிட்டால் நீடிக்கும். ஆனால் அதன் பக்கத்தில் அந்துருண்டை வைக்கவே கூடாது.

உடுப்புக்கு நம் வீட்டுப் பெண்களிடம் ஏற்கெனவே நல்ல முறை இருக்கிறது. திருபுவனம் பட்டை எப்படிப் பழைய மல்வேட்டியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றி வைப்பார்களோ அப்படித்தான். சலவைக்கோ டிரை கிளீனிங்குக்கோ போடாதீர்கள். காட்சிக்கு வைத்தால் கம்பி ஹேங்கரில் தொங்கவிடாமல் பஞ்சு வைத்துப் பருத்த உருவத்தில் போர்த்துங்கள். மூன்று மாதம் வெளியே, மீதி நாள் பெட்டியில்.

பூச்சிக்கு என்ன வழி?

அந்துருண்டை வேண்டாம், நாப்தலின் தெர்மோகோலையும் சில பிளாஸ்டிக்கையும் இளக்கும், வீட்டில் மூச்சுவிடுபவர்களுக்கும் நல்லதல்ல. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், பட்டை, மிளகு, கிராம்பு, கற்பூரம் இடித்துத் துணிமுடிச்சாக வைக்கும் வழக்கம் உண்டு. மரம், காகிதம், துணி உள்ள பெட்டியில் அதைப் பின்பற்றலாம். முடிச்சு பொருளைத் தொடாமல் மூலையில் இருக்கட்டும், மாதங்கள் போய் வாசனை தீர்ந்ததும் மாற்ற வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர் பொருளுக்குக் கற்பூரத்தை விட்டுவிடுங்கள். இது பூச்சியை வராமல் தடுக்கும், வந்ததைக் கொல்லாது.

துணியில் ஏற்கெனவே பூச்சி இருந்தால், பாலிதீனில் காற்றெடுத்துச் சுற்றி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் கவரைப் பிரிக்காமல் விடுங்கள். பெயின்ட் அடித்த மரம், லேட்டெக்ஸ், ஃபைபர் ஆகியவற்றுக்கு இந்த வைத்தியம் இல்லை.

கொலுவில் வைக்கலாமா? ஆயுத பூஜைக்கு?

கொலுப்படியில் ஒன்பது நாள் இருப்பதால் ஒன்றும் ஆகாது. விளக்கிலிருந்து தள்ளி, மேல்படியில், குழந்தைக் கை எட்டாத இடத்தில். ஆயுத பூஜைக்கு மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: சந்தனம், குங்குமம் பொருள் மேல் படக் கூடாது. குங்குமச் சாயம் ஃபைபரிலும் மரத்திலும் ஊறினால் போகாது. முன்னால் ஒரு தட்டு வைத்து அதில் வைத்துக்கொள்ளலாம்; சாமி கோபிக்காது.

எங்கள் வீடு கடற்கரைக்கு அருகில். ஏதாவது வேறுபாடு?

நிறைய. நாகை, தரங்கம்பாடி, வேதாரண்யம் பக்கத்துக் காற்றில் உப்பு இருக்கிறது. வெண்கலத்தில் குளோரைடு புகுந்தால் வெளிர்பச்சைத் தூளாகப் புள்ளி புள்ளியாக வெடித்துப் பரவும். இரும்புக்குச் சொல்லவே வேண்டாம். உலோகப் பொருளைத் திறந்த அலமாரியில் வைக்கவே வேண்டாம், மூடிய பெட்டிதான். தொடும்போது நைட்ரைல் கையுறை போடுங்கள், வியர்வையிலும் உப்புதான்.

உடைந்துபோனால் யாரிடம் கொடுப்பது?

சுவாமிமலை ஸ்தபதிகளும் நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறைக்காரர்களும் உலோகத்தில் எதையும் ஒட்டவைப்பார்கள். கைத்திறனில் குறையில்லை. ஆனால் அவர்கள் தொழில் பொருளைக் குறையில்லாததாக்கித் தருவது. ராவி, மெருகேற்றித்தான் தருவார்கள். ‘உடைந்தது உடைந்த மாதிரியே தெரியட்டும், விழாமல் இருந்தால் போதும்’ என்று தெளிவாகச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதென்றால் கொடுங்கள். சின்ன விரிசலை நீங்களே ஒட்டுவதானால் ஃபெவிக்விக், எம்-சீல் வேண்டாம், பிரிக்க முடியாது. அருங்காட்சியகக்காரர்கள் பயன்படுத்துவது பாரலாய்டு பி-72 என்ற பிசின். அசிட்டோன் தொட்டால் கழன்றுவிடும். பிளாஸ்டிக், தெர்மோகோலுக்கு அதுவும் ஆகாது. அசிட்டோன் அவற்றையே கரைக்கும்.

கத்தி, துப்பாக்கி வைத்திருந்தால் சட்டச் சிக்கல் வருமா?

மரம், ரப்பர், ஃபைபர் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. உண்மையான துப்பாக்கியை மாற்றியமைத்தது என்றால் உரிமம் இல்லாமல் வாங்கவே வேண்டாம். கூர்மை தீட்டிய எஃகு வாளென்றால் வாங்குமுன் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். பழைய நாடகக் கம்பெனிப் பொருட்களில் தந்தம், மான்கொம்பு, புலித்தோல் இருந்தால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும். 100 ஆண்டு தாண்டிய சிலை, ஓவியமாக இருந்தால் அதே ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பதிவு தேவைப்படும்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா வீட்டுப் பாலிசியில் கலைப்பொருள் போன்ற விலைமதிப்புள்ளவற்றை, ஒப்புக்கொண்ட மதிப்பில் தனியாகச் சேர்க்கலாம். மதிப்பீட்டுக் கடிதமும் முதல்நாள் எடுத்த படங்களும் கேட்கலாம்.

புயல் எச்சரிக்கை வந்தால்?

பெட்டியோடு தூக்க முடியுமா என்று இப்போதே பாருங்கள். முடியாதென்றால், மூடி இறுக்கமான ஒரு பிளாஸ்டிக் டப்பா, காடாத் துணி, உலர்ந்த சிலிக்கா ஜெல் மூன்றையும் தயாராக ஓரிடத்தில் வையுங்கள். ஓட்டு வீடென்றால் மாடி, பரண் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். முதலில் போவது ஓடுதான். கான்கிரீட் கூரை போட்ட உள்ளறையில், கட்டிலுக்கு மேல். தண்ணீர் வடிந்த பிறகு நனைந்த பொருளை வெயிலில் காயப்போடாதீர்கள்; நிழலில், ஃபேன் காற்று நேராகப் படாமல், மெல்ல உலரட்டும்.

வீட்டில் இதைக் குப்பை என்கிறார்கள். போகிக்கு எரித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

நியாயமான பயம். உடைந்த ஃபைபர் கேடயத்துக்கும் உடைந்த பிளாஸ்டிக் வாளிக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் எழுதி வைக்க வேண்டும். என்ன பொருள், எந்தப் படம், எந்தக் காட்சி, யாரிடமிருந்து எந்த ஆண்டு வந்தது, தோராய மதிப்பு என்ன என்று ஒரு அட்டையில் பென்சிலால் எழுதி (பேனா மை ஈரத்தில் பரவும்) பெட்டிக்குள் வையுங்கள். ஒரு நகல் பீரோவில், நகைச் சீட்டுகளோடு. முடிந்தால் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து அந்தப் படத்தின் அந்தக் காட்சியை ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.